இரண்டு மைலில் ஒன்பது சங்கிலி

1946 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கொல்லிமலைப் பக்கம் மட்டும் புழுதி மங்கல். மேற்குக் காற்று, கொடியில் காயும் துணி லேசாக ஆடும் அளவு. ஓவர்சியரின் வெப்பமானியில் எழுபத்தொன்பது டிகிரி பாரன்ஹீட். என் கையில் ஸ்டாப் வாட்ச். தலைக்கு மேலே, முகப்பில் விசிறியே இல்லாத ஒரு போர் விமானம் போயிற்று.

போர்க்காலத்தில் எங்கள் ஊருக்கு மூன்று மைலில் ஓர் ஓடுதளம் போட்டிருந்தார்கள். போர் முடிந்த பிறகு, புதிதாகச் செய்த அந்த ஒற்றை விமானத்தைக் கொண்டுவந்து, நம் வெயிலில் எப்படிப் பறக்கிறது என்று சோதித்தார்கள். பைலட் வெள்ளைக்காரர். ஓவர்சியர் பெங்களூரிலிருந்து வந்த தமிழர். நான் பள்ளியிறுதி தேறி வீட்டில் சும்மா இருந்தவன். எதையும் எண்ணிக்கொண்டே இருப்பவன் என்று யாரோ சொல்ல, நாளுக்கு ஒரு ரூபாய் சம்பளத்தில் ஓவர்சியர் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் வேலை, நேர்கோட்டில் இரண்டு மைல் அளப்பது. அறுபத்தாறு அடி நீள நில அளவைச் சங்கிலி பிடித்து நூற்றறுபது சங்கிலி அளந்தோம், எண்ணியவன் நான். இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்த கல் ஒவ்வொன்று. விமானம் ஒரு கல்லைத் தாண்டி மற்றொரு கல்லைத் தாண்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் அதன் உண்மையான வேகம் தெரியும். அதை விமானத்துக்குள் இருக்கும் வேகமானியோடு ஒப்பிட்டு, வேகமானி எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். மேற்குக் கல்லில் கடிகாரத்தோடு நான். கிழக்குக் கல்லில் ஒரு பியூன். விமானம் தாண்டும்போது கம்பி வழியே எனக்கு மணி அடிப்பார். அந்த வேலைக்குத் தினமும் வேறு வேறு ஆள்.

கிழக்குக் கல் எங்கள் புஞ்சைக் காட்டில் விழுந்தது. எனக்கும் அண்ணனுக்கும் பொதுவான எட்டு ஏக்கர்.

அன்று விமானம் நான்கு முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் வேகமானி முந்நூற்றறுபது மைல் காட்டியதாகப் பைலட் சொன்னார். அந்த வேகத்துக்கு இருபது விநாடி ஆகியிருக்க வேண்டும். என் கடிகாரத்தில் சராசரி பதினெட்டு புள்ளி ஒன்பது. ஓவர்சியர் கணக்குப் போட்டு, "உண்மை வேகம் முந்நூற்றெண்பத்தொன்று. வேகமானி குறைத்துக் காட்டுகிறது" என்றார். எந்த எண்ணுக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதிப் பைலட்டின் இருக்கைக்கு எதிரே ஒட்டினார்கள்.

"நாளைக் காலை என்ன சோதனை?" என்று கேட்டேன்.

"மெதுவாகப் பறக்கிற சோதனை. ஓடுதளத்துக்கு மேலே, தாழ்வாக. ஓர் அளவுக்குக் கீழே வேகம் குறைந்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது. கல் மாதிரி விழும். அதற்குத்தான் அந்த அட்டை."

மாலையில் காட்டு வழியாக வீடு திரும்பினேன். எங்கள் காட்டில் கல் இல்லை. நட்ட குழியை மூடி மேலே சோளத்தட்டு போட்டிருந்தது. கல் மேற்கே, அடுத்திருந்த எங்கள் பங்காளியின் காட்டுக்குள் நின்றது. காலால் அளந்தேன். இருநூற்று நாற்பது அடிவைப்பு. அதாவது ஒன்பது சங்கிலி. இரண்டு மைலில் ஒன்பது சங்கிலி குறைந்தால் இருபது விநாடி பதினெட்டே முக்காலுக்கு மேல் கொஞ்சம்தான். வேகமானி சரியாகத்தான் இருந்தது. அட்டைதான் தப்பு. அதை நம்பிப் பறந்தால், போதுமான வேகம் இருப்பதாக நினைத்துக்கொண்டே பைலட் விழுவார்.

அண்ணன் நாமகிரிப்பேட்டைக்கு மஞ்சள் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, கல்லைப் புடுங்குனீங்களா?"

"ஆமா, நேத்தே. சர்க்கார் கல்லு நம்ம காட்டுல நின்னா நாளைக்குக் காடே சர்க்காருக்குன்னுருவான். ஓடுதளத்துக்குக் காட்டக் குடுத்தவனெல்லாம் இன்னும் பணத்துக்குத் தாலுக்கா ஆபீசு வாசல்ல குந்தியிருக்கறான், பாக்கலியா? பங்காளி காட்டுல நிக்கட்டும். அவனுக்கு நெறையா இருக்குது."

விமானம் விழும் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஒரு கல்லு நவுந்தா ஏரோப்ளேன் உழுகுமா? படிச்சுப் படிச்சு உனக்கு மூளை களண்டு போச்சாக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொன்னியின்னா காடு போச்சு தம்பி. என்ற பங்கு மட்டுமில்ல, உன்றதும்" என்றார்.

எட்டு ஏக்கரில் என் பங்கு நான்கு. வேறு சொத்து எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பதுக்குச் சைக்கிளில் ஓடுதளத்தை அடைந்தபோது எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஓவர்சியரின் காதருகே வாய் வைத்து, கல்லை அண்ணன் நகர்த்திவிட்டார், அட்டை தப்பு என்று கத்தினேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் குறுக்கே வீசிக்கொண்டு விமானத்தின் முன்னால் ஓடினார். எந்திரம் நின்றது. பைலட் இறங்கி வந்து, மூன்று முறை கேட்டுப் புரிந்துகொண்டு, திரும்ப ஏறி அட்டையைக் கிழித்து எடுத்தார்.

ஜீப்பில் போய்ப் பார்த்தால், பங்காளியின் காட்டிலும் கல் இல்லை! இன்னும் நான்கு சங்கிலி தள்ளி, புறம்போக்கில் நின்றது. பங்காளி வரப்பில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நான் தொடவே இல்லீங்க சாமி. பொழுது விடிஞ்சு பாக்கறேன், அங்க நிக்குதுங்க."

"நடந்து போயிற்றா?" என்றார் ஓவர்சியர்.

"ஒருவேளை மாடு கீது முட்டியிருக்குமுங்க."

மறுபடி அளந்து கல்லைப் பழைய இடத்திலேயே நட்டார்கள். வேகமானி ஒரு மைல்கூடத் தப்பாகக் காட்டவில்லை என்று தெரிந்தது. என் வீட்டு ஆள் செய்த வேலை என்று என்னை அன்றே நிறுத்திவிட்டார்கள். இருபது நாளில் சோதனை முடிந்து, விமானத்தைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் காட்டில் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் கேட்கவில்லை. இதை அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "வெள்ளக்காரனுக்காகக் கூடப்பொறந்தவனக் காட்டிக் குடுத்தவன்கூட ஒரே கேணியில தண்ணி எறைக்க மாட்டேன்" என்று பாகம் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். கேணி அவர் பக்கம் போயிற்று.

தராமல் நிறுத்திக்கொண்ட சம்பளம் பதினைந்து ரூபாய். மறுபடி அளந்த ஆட்களின் கூலியை என் தலையில் போட்டது ஆறு ரூபாய் எட்டணா. பாகப்பத்திரம், பதிவு, சர்வேயர் படி எல்லாம் சேர்த்து என் பங்குக்குத் தொண்ணூற்றாறு ரூபாய் பதினாலணா. ஆக மொத்தம் நூற்றுப் பதினெட்டு ரூபாய் ஆறணா.