இரண்டாவது பேஸில் விழுந்தவர்

எனக்கு விளையாட்டென்றால் பயம். பந்துக்குப் பயமில்லை, விளையாடுகிற ஆண்களின் முகத்துக்குத்தான் பயம். வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னால் தோள் நோகிறது என்கிற மனிதர், மைதானத்தில் நிலத்தில் கிடக்கிற ஒரு வெள்ளைப் பைக்காக உயிரை விடத் தயாராக நிற்பார். அந்த முகத்தை நான் என் கணவரிடம் முதன்முதலாகக் கண்டது லண்டனில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சித்திரை மாதத்துக் குளிரில்.

அப்போது நாங்கள் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை, எனக்கு வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது கடவுளுக்கே தெரியாத நிலை. சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்க்க இருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், கதிரையை இழுத்துக் கிட்ட வந்து சொன்னார்.

"தம்பி, கேஸ் முடியுமட்டும் ஒரு சின்னப் பொலிஸ் பிரச்சினையும் வரப்படாது. ஒருத்தரோடையும் கொழுவப்படாது. அவைக்கு உங்களை அனுப்ப ஒரு சாட்டுக் காணும்."

அந்த மனிதர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். எங்களுக்கு அதுவே சட்டமாகிவிட்டது. சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்க மாட்டேன். பஸ்ஸில் ரிக்கற் கேட்டு யாராவது வந்தால், கையில் ரிக்கற்றை வைத்துக்கொண்டே நடுங்குவேன். அப்படியிருந்த வீட்டுக்குள்தான் பேஸ்போல் வந்து சேர்ந்தது.

அது வந்த விதம் இப்படி. பெற்றோல் அடிக்க வந்த ஓர் ஆங்கிலேயர் தன் சாவிக் கொத்தை நண்பனுக்கு எறிந்திருக்கிறார். அது குறிதவறிப் போக, எங்கள் ஆள், என் கணவர்தான், பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்தாராம். அந்த ஆங்கிலேயர் பக்கத்துப் பூங்காவில் விளையாடும் ஒரு சிறிய பேஸ்போல் கழகத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். இந்தச் சாவிக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சாவி இன்னும் கொஞ்சம் உயரத்தால் வரும்.

இவருக்கு அந்த விளையாட்டு ஒன்றும் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவர். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவது, ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து விழுத்துவது. முதுகில் சிவந்த தழும்போடு வீட்டுக்குப் போய் அடியும் வாங்கியதாகப் பெருமையாகச் சொல்வார். பேஸ்போலில் பந்தால் எறிவது இல்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதற்குப் பதிலாக என்ன செய்வார்கள் என்பதைப் பிறகுதான் கண்டேன்.

ஓடுகிறவன் இரண்டாவது பேஸுக்கு வருகிறான் என்று வையுங்கள். அது நிலத்தில் பதித்த ஒரு தட்டையான வெள்ளைப் பை. அங்கே நிற்கிறவர் பந்தைப் பிடித்து, பையில் கால் வைத்து, உடனே முதலாவது பேஸுக்கு எறிந்தால் இரண்டு பேர் ஒரேயடியாக ஆட்டமிழப்பார்கள். எறிய விடக்கூடாது. அதனால் ஓடுகிறவன் இரண்டு காலையும் முன்னுக்கு நீட்டி, நிலத்தோடு நிலமாகச் சறுக்கிக்கொண்டு போய் அவருடைய கால்களை வாரிவிடுவான். கால்களில் இருப்பதோ ஆணி வைத்த சப்பாத்து. எங்கள் ஆள் விளையாடியதும் அந்த இரண்டாவது பேஸில்தான்.

முந்தின வருடம் யாரோ ஒருவருக்கு முழங்கால் பிரண்டு போயிருந்ததால், அந்த வருடப் பருவம் தொடங்க முன்னம் பூங்காவுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு கனடாக்காரர் எழும்பினார். பள்ளிக்கூட ஆசிரியர், மெல்லிய குரல். சறுக்குவது பைக்கு நேராக மட்டும் இருக்கட்டும், ஆளை நோக்கிச் சறுக்குவதை எங்கள் கழகத்தில் தடை செய்வோம், நாங்கள் எல்லாரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் என்றார். எனக்கு எழும்பி நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. தலைவருக்குப் பிடிக்கவில்லை. காலம் காலமாக இருக்கிற ஆட்டத்தை நாங்கள் ஏன் பஞ்சில் சுற்ற வேண்டும் என்று கேட்டார். பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எழும்பினார்.

"எங்கள் நாட்டு ஆட்டத்தில் ஓடுகிறவனைப் பந்தாலேயே அடிப்போம். நோகும். நொந்தால்தான் அடுத்த முறை வேகமாக ஓடுவான்" என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். எல்லாரும் சிரித்தார்கள். கனடாக்காரரும் சிரித்தார். கை உயர்த்திப் பார்த்ததில் தடை தோற்றது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசினேன். "உங்களை ஆர் கேட்டது? அந்தாள் உங்கட காலுக்கும் சேர்த்துத்தானே கதைச்சது. பொலிஸ் பிரச்சினை வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம், நீங்கள் என்னெண்டால் சண்டைக்குப் போறியள்."

"இது சண்டையே? விளையாட்டப்பா" என்றார். மைதானத்து முகம் அப்போதே வந்துவிட்டது.

கனடாக்காரரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் வந்து இருப்பாள். தன் கம்பளியின் ஒரு பக்கத்தை என் மடியில் போட்டுவிடுவாள். என் ஆங்கிலம் அப்போது சமையலறைக்கு மட்டும் போதுமான ஆங்கிலம். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் பேச அவ்வளவு சொற்கள் தேவைப்படவில்லை. யாராவது சறுக்கினால் அவள் என் கையைப் பிடிப்பாள், நான் அவள் கையைப் பிடிப்பேன். தூசி அடங்கி ஆள் எழும்பினால்தான் விடுவோம். அந்த நாட்டில் என்னோடு சேர்ந்து பயந்த முதல் வெள்ளைக்காரி அவள்தான். அதனாலேயே எனக்கு அவளை நன்றாகப் பிடித்துப்போயிற்று.

பருவம் தொடங்கிச் சில வாரங்கள் போன ஒரு ஞாயிறு. கழகத்தையே இரண்டாகப் பிரித்து விளையாடினார்கள். காலையில் பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. கனடாக்காரர் அன்றைக்கு மற்றப் பக்கம், இரண்டாவது பேஸில் நின்றார். எங்கள் ஆள் முதலாவது பேஸிலிருந்து ஓடி வருகிறார். பந்து கனடாக்காரரின் கைக்குப் போகிறது. அவர் காலை ஊன்றி எறியத் திரும்புகிறார். இவர் கால்களை நீட்டிச் சறுக்கினார். ஈரப்புல் இவரைப் பைக்கு நேரே கொண்டுபோகவில்லை. நேராக அந்த மனிதரின் ஊன்றிய காலுக்குக் கொண்டுபோனது.

சத்தம் எங்களுக்குக் கேட்டது. காய்ந்த பனைமட்டையை முறித்தது போன்ற சத்தம். அதன் பிறகு அவர் கத்திய சத்தம். பக்கத்தில் இருந்தவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். நானும் எழும்பினேன், அவளுக்குப் பின்னால் ஓடத்தான் எழும்பினேன். எல்லாரும் விழுந்தவரைச் சுற்றி நிற்க, அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து என் கணவர் மட்டும் வெளியே வந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்தார். முகம் இரத்தம் வற்றி வெளிறியிருந்தது. வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாரும். திரும்பிப் பாராதையும். காருக்குப் போவம்."

"என்னப்பா, அந்தாளுக்கு..."

"வாரும் எண்டுறன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் கால்கள் தாமாகவே அவருக்குப் பின்னால் போயின. பழைய கார், நல்ல காலம், முதல் தடவையே ஸ்ராட் ஆனது. வழியில் எங்களுக்கு எதிரே அம்புலன்ஸ் சத்தமிட்டுக்கொண்டு போனது. அவர் சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி சொன்னார்.

"அண்டைக்கு நான் எதிர்த்துக் கதைச்சதை எல்லாரும் கேட்டவை. நொந்தால்தான் எண்டு சொன்னனான். வேணுமெண்டு செய்தது எண்டுதான் சொல்லுவினம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தனை சாட்சிகள். அத்தனை பேரும் இந்த நாட்டுக்காரர்கள், நாங்கள்தான் பதில் வராதவர்கள். காலை வாரியவர் யார், யாரோடு வாதாடியவர், எந்த நாட்டவர் என்று பொலிஸ் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பெரியவர் சொன்ன சாட்டு இதுதான், இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். சப்பாத்தைக் கழற்றவில்லை, குசினிக்குள் போய்ச் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். சேறு அப்படியே காயத் தொடங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பையை எடுத்து உடுக்க இரண்டு சாரம், பல்துலக்கி, பற்பசை, கம்பளிச் சட்டை, நோவெண்ணெய்ப் போத்தல் எல்லாம் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் போன பிறகு அரிசியைக் கழுவி அடுப்பில் போட்டேன். கொண்டுபோனால் எப்போது சாப்பிடக் கொடுப்பார்களோ, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. ஊரில் என் அம்மா அண்ணைக்குச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அரிசி கொதிக்கக் கொதிக்க என் பற்கள் அடித்துக்கொண்டன.

சோறு வேகும்போதுதான், நிலத்தைப் பார்த்தபடி, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஊரில் ஒரு சந்தியில் வெடி கேட்டு எல்லாரும் ஓட, சைக்கிளோடு விழுந்து கிடந்த ஒருவரைத் தூக்க இவர் நின்றாராம். ஆமி வந்து இவரைத்தான் கொண்டுபோனது. இவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும், எதற்காக என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"விழுந்தவனுக்குப் பக்கத்தில நிண்டவன் நான் ஒருத்தன்தான். அதுக்குப் பிறகு ஆர் விழுந்தாலும் எனக்குக் கால் நிக்கிறேல்லை" என்றார்.

நான் பக்கத்தில் போய் இருந்தேன். வெந்த சோற்றை அடுப்பில் இருந்தபடியே கோப்பையில் அள்ளிப் போட்டுச் சாப்பிடச் சொன்னேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், கதவு மணி அடித்தது.

அடுப்பை அணைத்தேன். எதற்கு அணைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. மணி மறுபடியும் அடித்தது. பிறகு கையால் தட்டினார்கள். அவர் கோப்பையை நிலத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூச்சு விட்டால் கேட்டுவிடுமோ என்று நான் வாயைப் பொத்தினேன். எங்கள் கேஸ், எங்கள் வாழ்க்கை, இன்னும் பிறக்காத எங்கள் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கதவுக்கு அப்பால் நிற்கிற ஆளின் கையில் என்று நினைத்தேன். அவ்வளவு பயத்தை நான் ஷெல்லடிக்குள்ளும் பட்டதில்லை. அங்கே எல்லாரோடும் சேர்ந்து பயந்தோம்.

கதவில் கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி தூக்குப்பட்டது. சேறு பிடித்த விரல்கள் தெரிந்தன. அதன் பின்னால் ஒரு குரல், கனடாக்காரரின் மனைவியின் குரல்.

"இருக்கிறீர்களா? நான்தான். உங்கள் விலாசத்தைத் தலைவரிடம் வாங்கினேன். காலில் முறிவுதான், மாவுக்கட்டுப் போடுகிறார்கள், வேறொன்றுமில்லை. உன் கணவருக்கு எப்படி இருக்கிறது? மோதியதில் அவருக்குத் தலையில் அடிபட்டிருக்க வேண்டும், வெளிறிப்போய் ஒன்றும் பேசாமல் நடந்து போனார் என்று என் கணவர் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். தயவுசெய்து கதவைத் திற. அவரைத் தூங்க விடாதே."

எனக்கு முக்கால்வாசி விளங்கியது. கால் முறிந்து கிடக்கிற மனிதர் முறித்தவருக்காகப் பயந்துகொண்டு கிடக்கிறார். நாங்களோ அவருக்கு என்ன நடந்ததென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து, சோறு சமைத்துக்கொண்டிருக்கிறோம். வெட்கம் ஒரு பக்கம், பயம் இன்னும் விட்டபாடில்லை.

"ஆரெல்லாம் நிக்கினம்? பொலிஸும் நிக்குதோ?" என்று அவர் கேட்டார்.

யன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். "இல்லையப்பா. அவ தனிய."

அவர் எழும்பினார். நான் திறப்பதாகச் சொன்னேன், வேண்டாமென்று தலையசைத்தார். பூட்டைத் திருகினார், கதவை விரித்தார், ஓரடி பின்னுக்கு வந்தார். வந்து, இரண்டு கைகளையும் விரல் விரித்துத் தோளுக்கு மேலே உயர்த்திக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றார்.

வாசலில் நின்றவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவளுக்கு முழங்கால் வரை சேறு, அழுது வீங்கிய கண்கள். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"ஐயோ, கையிலா அடிபட்டது?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, அவருடைய வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கி, எங்கே நோகிறது, எங்கே நோகிறது என்று ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.