மரோனிக் கறி

ஒக்டோபர் லீவுக்கு சுவிசின் தெற்கில், திச்சினோ மலைக் கிராமமொன்றில் கல்வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். பக்கத்து வீட்டு இத்தாலி மொழிக்கார மனுசி, தன் மரத்திலிருந்து விழுந்த மரோனி என்னும் செஸ்நட் கொட்டைகளை ஒரு பை நிறையத் தந்தா. சுட்டுத் தின்னவேணுமாம். அந்த மாச்சாமானைச் சுட்டுத் தின்ன எனக்கென்ன விசரோ?

“பலாக்கொட்டை மாதிரித்தானே இருக்கு,” என்றாள் மனைவி. தோலுரித்தே எங்கள் நகங்கள் போயின. தேங்காய்ப்பால் விட்டு, எங்கட உறைப்புத் தூள் போட்டு வைத்த கறியில் ஒரு கோப்பை மனுசிக்கும் கொடுத்தோம். ஒரு வாய்தான் வைத்தா. கண்ணால் தண்ணி ஓடியது. வெட்கத்தோடு திரும்பினோம்.

அடுத்த வருசம் அதே வீட்டடியில் காரால் இறங்கியதும், மனுசி எங்களைப் பார்த்து நாக்கை நீட்டி, கையால் விசிறிச் சிரித்தா. மற்றக் கையில் ஒரு சட்டி. நிறைய மரோனி, எல்லாம் தோலுரித்தபடி.