அகராதிக்குள் இருந்த அட்டை

நகர நூலகத்துப் பைண்டரிடம் கிழிந்த மேகத்தைக் கொடுத்தாலும் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டி, சாயங்காலத்துக்குள் திருப்பித் தந்துவிடுவார். சரி, மேகம் கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூட அகராதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவருக்குப் 'பசை' என்றே பெயர்.

ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முன்னறையில் பசைக் கிண்ணமும் கையுமாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் டீச்சர் ஒருத்தி வந்து, முப்பது வருஷத்துக்கு முன் அவர் கட்டிய அகராதி ஒன்றை மேசைமேல் வைத்தாள். மேல்துணி உரிந்து தொங்கியது. அடியில் தெரிந்த அட்டையில் வேறொரு புத்தகத்தின் தலைப்பு. அதன் கீழே அவளுடைய அம்மாவின் பெயர்.

"எங்கம்மா எழுதினதே இந்த ஒரு புத்தகம்தான். எங்க வீட்டுல ஒரு பிரதிகூட இல்ல. அட்டை இங்க இருக்கு, மிச்சம் எங்க சார்?"

பைண்டர் பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அந்த அகராதியைக் கட்டிய வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் உள்ள புத்தகங்களை எரித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நூலகத்துக்குப் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாய். அட்டை லேசில் பற்றாது, புகைந்து கண்ணைக் கரிக்கும். அதனால் ஒவ்வொன்றின் அட்டையையும் கத்தியால் அறுத்து, வேறு புத்தகம் கட்ட ஆகுமென்று ஓரமாக அடுக்கினார். தாள்களை மட்டும் தீயில் போட்டார். நல்ல அட்டையை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே இருந்ததை எரிக்க மட்டும் வந்தது. இன்று நினைத்தாலும் காது மடல் சுடும்.

"மேலிடத்து உத்தரவும்மா," என்றார், கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே. "பட்டியல்ல நாப்பது புத்தகம். நாப்பதையும் எரிச்சோம். என் கையில என்ன இருந்துச்சு?"

"கத்தி இருந்துச்சு," என்றபடி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள் மனைவி.

டீச்சர் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "விடுங்கம்மா. உத்தரவுன்னு வந்தா சார் மட்டும் என்ன பண்ணுவாரு? நான் அவரைக் குத்தம் சொல்ல வரல."

பைண்டர் தலையை ஆட்டினார். அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டார்.

மனைவி சொம்பை டீச்சர் கையில் கொடுத்தாள்.

"நாப்பது இல்லம்மா, நாப்பத்தொண்ணு. உங்கம்மா புத்தகம் பட்டியல்லயே கிடையாது. அலமாரில அதுங்களுக்குப் பக்கத்துல இருந்துச்சு, எதுக்கு வம்புன்னு இவராத்தான் எடுத்துத் தீயில போட்டாரு. அன்னிக்கே எங்கிட்ட சொன்னாரு."