பழுப்பேறாத நெறிகட்டி

"வீட்லயும் குக்கர், இங்கயும் குக்கர்" என்று தஸ்னீம் அலுத்துக்கொண்டாள். சேலத்தில் ஒரு தனியார் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீசியன். மெல்லிய திசுத் துண்டு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளைக் குக்கரில் வேகவைத்து எடுத்தால்தான், குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி அதன்மேல் ஒழுங்காகப் பிடிக்கும். அன்று பாதி வேக்காட்டில் கரண்ட் போனது. சில்லுகள் வீண்.

திசு மயில்சாமியுடையது. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி ஓட்டுபவர். கழுத்தில் நெறிகட்டி வீங்கி, கரையவே இல்லை. சாதாரணச் சாயத்தில் பார்த்த கூடத்து டாக்டர் நந்தகுமார், நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகித்தார். வெள்ளையணுக்களில் பி செல்லிலிருந்து வந்ததா, டி செல்லிலிருந்து வந்ததா என்று தெரிந்தால்தான் மருந்து முடிவாகும். பி செல்லின் மேல் சிடி20 என்ற புரதம் இருக்கும். அதற்கான ஆன்டிபாடியைப் போட்டால் அந்த செல்கள் பழுப்பாகத் தெரிய வேண்டும்.

மறுநாள் திரும்பப் போட்டாள். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைத்த, பி செல் நிறைந்த டான்சில் துண்டு அழகாகப் பழுப்பேறியது. மயில்சாமியின் திசு வெளுத்தே கிடந்தது.

"மறுபடி போடும்மா" என்றார் டாக்டர்.

"சார், டான்சில் நல்லா வந்திருக்கு. என் கையில தப்பில்ல."

"தெரியும்மா. இருந்தாலும் போடு."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். அதே வெளுப்பு. டி செல்லுக்கான சிடி3யும் பிடிக்கவில்லை. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இவருக்கு முன்னாடி ஏதாவது வைத்தியம் நடந்திருக்கான்னு கேளு. சிடி20யவே தேடிப் போய் அழிக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. அது ஏறியிருந்தா, தப்பிச்ச செல்லுல அந்தப் புரதம் இல்லாமப் போயிருக்கலாம்."

தஸ்னீம் மயில்சாமியின் மனைவி ரஞ்சிதாவுக்குப் போன் செய்தாள். "தலவலி மாத்திரைகூடப் போட மாட்டாருங்க" என்றாள் ரஞ்சிதா. கட்டியை அறுத்தெடுத்த சர்ஜனிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

முடிவு தாமதமாகவே ரஞ்சிதா நேரில் வந்துவிட்டாள். "எத்தன தடவதானுங்க பஸ் ஏறி வாரது? ஒரு கட்டியப் பாத்துச் சொல்ல இத்தன நாளா?"

தஸ்னீமுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்கா, நாங்க என்ன சும்மாவா உக்காந்திருக்கோம்? போடப் போடச் சாயம் பிடிக்காமப் போகுது. மறைக்காமச் சொல்லுங்க, இதுக்கு முன்னாடி ஊசி ஏத்தினாங்களா இல்லையா?"

ரஞ்சிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கோயமுத்தூர்ல டிரிப்புல ஏத்துனாங்க. கட்டியெல்லாம் கரைஞ்சு போச்சுங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கிட்டாரு."

"டாக்டர்கிட்டக்கூடவா சொல்லக் கூடாது?"

"சொன்னா, அதுதான் திரும்பி வந்திருச்சுன்னு சொல்லிப்போடுவீங்கன்னு பயமுங்க. சொல்லாம இருந்தா வேற எதாச்சுமா இருக்கும்னு..."

கையை ஓங்காத குறையாக நின்ற தஸ்னீம், உள்ளே போய் டாக்டரிடம் சொன்னாள். சிடி20யையே பார்த்தது போதும், சிடி79ஏயும் பாக்ஸ்5ம் போட்டுப் பார் என்றார் டாக்டர். இரண்டும் பி செல்லுக்கு வேறு அடையாளங்கள், அந்த ஊசி குறிவைக்காதவை. பாக்ஸ்5 உட்கருவுக்குள் இருப்பது. மாலையில் இரண்டுமே பழுப்பாக வந்தன. பழைய நோய்தான் சிடி20யை உதறிவிட்டுத் திரும்பியிருந்தது. பழைய ஊசியால் இனிப் பயன் இருக்காது என்று புரிந்து, கோயமுத்தூர் மருத்துவர்கள் வேறு மருந்து ஆரம்பித்தார்கள்.

சில மாதங்கள் கழித்து மயில்சாமியே ரஞ்சிதாவுடன் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார், தலை மொட்டையாக இருந்தது. ஆனால் கழுத்து வீக்கம் வற்றியிருந்தது.

"என்ற ஊட்டுக்காரியத் திட்டிப்போட்டீங்களாமா. தப்பு என்ற மேலதானுங்க" என்றார்.

"உங்களத்தாங்க திட்டணும். அடுத்த தடவையாவது ஒழுங்காச் சொல்லுங்க" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ வேண்டாமுங்க" என்றாள் ரஞ்சிதா, சிரித்தபடியே.