கோயிலுக்கு நடந்தவர் அல்லர் எங்கள் அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. உடப்புச் சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அக்காவின் நெற்றியில் பட்டை விபூதி, கையில் வேல், கீழே 'கதிர்காமக் கந்தனை நாடிப் பாதயாத்திரை சென்ற அடியார்' என்று ஒரு வரி. அக்கா கதிர்காமத்துக்கு ஒரு நாளும் நடந்ததில்லை. கதிர்காமம் எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. அக்கா நடந்தது வடக்கே. பொய் சொல்கிறவர்கள் திசையையாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அவர் நடந்தது அணுகுண்டுக்கு எதிராக. அதை எழுத வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் இன்று முன்வரிசைக் கதிரைகளில் இருக்கிறார்கள். இருந்து வாசிக்கட்டும்.

அக்கா உடப்பிலே கரைவலை இழுத்த ஒருவரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா நோயில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்களை வளர்த்தார். கருவாடு காயவைத்து விற்று என்னைப் படிப்பித்தார். அத்தானைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகும் அதே கருவாட்டில்தான் தம் ஒரே மகனை ஆளாக்கினார். சமாதானக் காலத்தில் அவன் எங்கள் ஊராரோடு முல்லைத்தீவுக் கரையில் மீனவர் தங்கும் வாடிக்குத் தொழிலுக்குப் போனான். சண்டை மீண்டும் தொடங்கியதும் மற்றவர்கள் எப்படியோ திரும்பி வந்தார்கள், அவன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். கடைசியில் மேலிருந்து விழுந்த குண்டொன்றில் முடிந்துபோனான் என்று ஆள்மூலம் செய்தி மட்டும் வந்தது. உடல் வரவில்லை. யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஒரு நடைப்பயணம் எங்கள் ஊர் வழியாக வந்தது. வெள்ளை உடுப்பும் கைமேளமுமாக, தெற்கிலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள். பிக்குமார் சிலர், வெளிநாட்டார் சிலர், சிலாபப் பக்கத்துக் கன்னியாஸ்திரி ஒருவர். அன்று எங்கள் வீட்டில் தங்கியவர் யப்பான் நாட்டு மூதாட்டி. அங்கே அணுகுண்டு விழுந்தபோது தாயின் முதுகில் குழந்தையாக இருந்தவராம். தாய் போய்விட, இவர் தப்பியிருக்கிறார். சட்டைக் கையை உயர்த்தி எரிந்த தோலைக் காட்டினார். கன்னியாஸ்திரி மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அக்கா அந்தக் கையையே தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பவும் அந்தக் குண்ட வச்சிருக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"ஓம், கன நாடுகள் வச்சிருக்கு. வீச மாட்டம், பாதுகாப்புக்குத்தான் எண்டு சொல்றாங்க" என்றார் கன்னியாஸ்திரி.

"வீசாதவனுக்கு அது என்னத்துக்கு?" என்றார் அக்கா. பெரிய படிப்பாளிகள் மாநாடு கூட்டி இதற்கு மேல் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும், சந்தி மட்டும் போய் வழி காட்டிவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். எங்கள் ஊர்ச் சந்தியைப் பற்றி வெளியூரார் அறிய வேண்டும். செத்த வீட்டில் பெண்கள் பிரேதத்தின் பின்னே அந்தச் சந்தி வரைதான் போகலாம். அதற்கு அப்பால் ஆண்களின் நடை. அக்கா அத்தானையும் அங்கேதான் விட்டுவிட்டுத் திரும்பினார். மகனுக்கு அந்தச் சந்தி கூடக் கிடைக்கவில்லை. அன்று அக்கா சந்திக்குப் போனார், நிற்கவில்லை. மூதாட்டியின் கையைப் பிடித்தபடி மன்னார் வரை நடந்தே போய்விட்டார்.

வழியில் நடந்ததை அக்கா சொல்லிச் சிரிப்பார். முந்தலுக்கு அப்பால் ஒரு வீட்டார், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் அடியார்கள் என்று நினைத்து, எல்லோர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்களாம். அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். "நாங்க கோயிலுக்குப் போகல்ல பிள்ள, அணுகுண்டு வேணாமெண்டு நடக்கிறம்" என்றிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அப்ப நாங்க ஊத்தின தண்ணி?" என்று கேட்டாளாம். அந்தப் பக்திக்கு என் தூரத்துக் கும்பிடு.

கரைத்தீவில், வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியிருக்கும் முஸ்லிம் பெண்ணொருத்தியும் கோயிலுக்கா என்றுதான் கேட்டிருக்கிறாள். இல்லை, குண்டுக்கு எதிராக என்றதும், "அல்லாஹ்வே, அதுக்கா நடக்கிறீங்க? உள்ளுக்கு வாங்கக்கா, முதல்ல சாப்பிடுங்க" என்று பாய் விரித்தாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீங்கிய காலோடு பஸ்ஸில் திரும்பிய அக்காவுக்கு உடப்பு கொடுத்த வரவேற்பு தனிச்சிறப்பானது. எங்கள் சம்மாட்டியார், அதாவது வலைச் சொந்தக்காரர், பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணன் முறை. கோயில் சபையிலும் அவர்தான் பெரியவர். தம் கரைவலை மீனில் இனி அக்காவுக்குக் கருவாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியாட்களோடு மேளம் அடித்துத் திரிந்ததில் ஊருக்கு வெட்கமாம். மீன் கேட்கப்போன அக்காவைத் தேநீர்க் கடை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"உன்ட மகனக் கொண்டது சின்னக் குண்டு. நீ பெரிய குண்டுக்கு எதிரா நடந்திருக்கிறாய். எங்கயோ பிழைக்குதே தங்கச்சி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளையை இழந்த தாயின் முகத்துக்கு நேரே, தேநீரை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரிப்பு முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னக் குண்டுக்கு நடக்க என்னை ஆர் விடுவாங்க அண்ண? நீங்க விடுவீங்களா? பொலிஸ் விடுமா? பெரிய குண்டுக்கு நடந்தா பொலிஸே முன்னுக்குப் போய் வழி எடுத்துத் தருது. மேல நிண்டு போடுறவனுக்குக் கீழ ஆர்ர பிள்ள எண்டு தெரியாது. அது பெரிசா இருந்தா என்ன, சின்னனா இருந்தா என்ன?"

அப்போதும் மீன் கொடுக்கவில்லை. அதன் பிறகு அக்கா பள்ளிவாசல்துறைக்குப் போய் மீன் வாங்கினார். சாகுமட்டும் அங்கேதான் வாங்கினார்.

கடைசிக் காலத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கூடி ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. சாமிக்கு நடக்காத கால் அழுகத்தான் செய்யும் என்று ஒரு கதை ஊரில் உலாவியது. ஒவ்வொரு வருடமும் தீ மிதிக்கும் சம்மாட்டியாருக்கும் அதே வருத்தம்தான், அதே விரல்தான் போயிற்று. அதைப் பற்றி ஒரு கதையும் உலாவவில்லை. அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "என்னைக் கொண்டு போகேக்க நீ சந்தியில நிக்காத" என்று மட்டும் கேட்டார்.

அக்கா கண்ணை மூடிய அன்றே சம்மாட்டியார் பதாகையோடு வந்தார். நடைப்பயணத்தில் எடுத்த படம்தான் அது. தோளில் கிடந்த வெள்ளைத் துணியில் 'அணுகுண்டு வேண்டாம்' என்று எழுதியிருந்ததை அழித்து, துணியைக் காவியாக்கி, கையில் ஒரு வேலும் கொடுத்திருந்தார்கள். "மலரிலயும் கதிர்காமம் எண்டே போடு தங்கச்சி. ஆருக்கும் கரைச்சல் இல்ல, உங்கட குடும்பத்துக்கும் மதிப்பு" என்றார். உயிரோடு இருந்தவருக்கு ஒரு கூடை மீன் கொடுக்காத மனிதர், செத்த பிறகு மதிப்புக் கொடுக்க வந்திருந்தார்.

ஊர்வலம் சந்திக்கு வந்தபோது பெண்கள் வழக்கம்போல நின்றார்கள். சம்மாட்டியார் கையைக் குறுக்கே நீட்டி, "இதோட நில்லு" என்றார். அக்காவின் வெள்ளைத் துணி என்னிடம்தான் இருந்தது. அதைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பதாகைக்குக் கீழாலேயே நடந்தேன். மயான வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அக்காவோடு கருவாடு காயவைத்த பெண்கள் நாலைந்து பேர் என் பின்னே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நான் கூப்பிடவில்லை.

இந்த மலரின் அட்டையில் இருப்பது கைவைக்காத படம். அக்காவை வைத்தியத்துக்கு ஏற்றி இறக்கியவர்களுக்கும், மரண வீட்டுக்குத் தேநீர் வைத்துக் கொண்டுவந்த கரைத்தீவுச் சகோதரிக்கும், வந்து எங்களோடு அழுத கன்னியாஸ்திரிக்கும், கடல் கடந்து தொலைபேசியில் பேச்சில்லாமல் அழுத மூதாட்டிக்கும், சந்தியைத் தாண்டி நடந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதாகை கட்டியவர்களுக்கும் இலை போட்டிருக்கிறோம். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.