டிரைவர் அண்ணன் கேட்ட ஒரே வாய்தா

பதினான்கு வருடம் கோர்ட்டு வராந்தாவில் நின்ற டிரைவர் அண்ணன் ஒரே ஒரு முறைதான் வாய்தா கேட்டார். கேட்கச் சொன்னவன் நான். வக்கீல் குமாஸ்தா என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டுகளைச் சுமக்க வேண்டும். நான் யோசனை சொன்னேன்.

பிரேக் பிடிக்காத பஸ்ஸை நடுவழியில் நிறுத்தியதற்காக அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். ஓய்வு வயது வருவதற்குள் மறுபடி அந்த சீட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியே அவர் தலையை நரைக்க வைத்தது. ஒருவழியாக விசாரணை முடிந்து தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். அதே நாளில் அவர் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். தீர்ப்பைத் தன் காதால் கேட்க வேண்டும், மகளையும் தனியே விட முடியாது என்று தவித்தார்.

தீர்ப்பு நாளுக்கு மறுநாள் அந்த ஹைகோர்ட்டு நீதிபதிக்கு அறுபத்திரண்டு முடிகிறது. அரசியல் சட்டப்படி அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியவர். ஆனால் அவரை இன்னும் கொஞ்ச நாள் உட்கார வைக்க ஆளுங்கட்சி அவசரமாக ஒரு சட்டம் போட்டிருந்தது.

“அதான் ரெண்டு வருஷம் கூட்டிட்டாங்களே, அண்ணே. ரெண்டு வாரம் தள்ளினா குடியா முழுகிடும்?” என்றேன்.

நீதிபதியும் சிரித்தபடியே தள்ளிவைத்தார். பேத்தி பிறந்தாள். தீர்ப்பும் சாதகமாக வந்தது. அண்ணன் யூனிஃபார்மைத் தேய்த்து மாட்டிவிட்டுக் காத்திருந்தார். வேலையில் சேர்க்கும் உத்தரவு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து வேறு ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அரசியல் சட்டத்தில் எழுதிய வயதைச் சாதாரணச் சட்டத்தால் நகர்த்த முடியாது. அறுபத்திரண்டுக்குப் பின் அவர் சொன்ன தீர்ப்புகள் செல்லாது. வரி வரியாகப் படித்தேன், ஒரு தப்பு இல்லை. பிடித்த நீதிபதிக்கு வயதைக் கூட்டுகிற அரசு, பிடிக்காதவருக்குக் குறைக்காதா? திட்டக்கூட ஆளில்லை.

மறுவிசாரணைக்கு ஏழு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். ஐந்தாவது மாதமே அண்ணனுக்கு ஓய்வு வயது.

“அன்னைக்கு வாய்தா கேக்காம இருந்திருந்தா, தம்பி?”

“அப்பவும் இதே கதிதான், அண்ணே.”

பதினான்கு வருடம் கோர்ட்டில் நின்றவருக்கு நான் சொன்னது பொய் என்று தெரியாதா? என் முகத்தைப் பார்த்தார். “ஆமா, ஆமா” என்று தோளைத் தட்டிவிட்டு, பேத்திக்கு ஊசி போட வேண்டும் என்று கிளம்பினார்.

அந்த வாய்தா மனுவைக் கட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் நான் எழுதியது.