மதினியின் மூளை ஃபெயில்

போன ஞாயிறு மதினியின் மூளையைச் சோதித்தேன். பயப்படாதீர்கள்... அவர் சம்மதத்தோடுதான்.

எனக்கு பிபி. 'தியானம் பண்ணுங்க' என்றார் டாக்டர். எதையும் நாலு புத்தகம் படித்து, ஒரு கருவி வாங்கி, அதன்பிறகே செய்யத் துணிகிற ரகம் நான். நெற்றியில் மாட்டும் பட்டை ஒன்று வாங்கினேன். மூளையின் மின்னலைகளைப் பிடித்து செல்போனில் கோடு போடும். மனசு அடங்கினால் பச்சை. அலைந்தால் சிவப்பு. பத்து நாளும் எனக்குப் பச்சைதான். பாதி நேரம் நான் தூங்கிவிட்டது கோட்டுக்குத் தெரியாது.

புதிதாக ஞானம் வந்தவன் சும்மா இருப்பானா? பட்டையோடு, கமுதிக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். அண்ணன் சாக்கு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மதினி மட்டும் களத்தோர வேப்பமரத்தடியில் இருந்தார். எதிரே களம் கொள்ளாமல் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இந்த வருஷத்து வெள்ளாமை மொத்தமும் அதுதான். ஒரு மழை நனைத்தால் போதும் — நிறம் வெளுத்து, 'சண்டு' என்று வியாபாரி ஒதுக்கிவிடுவான்.

"மூச்சை மட்டும் கவனிங்க மதினி. மனசு எங்கயாச்சும் போனா இழுத்துட்டு வாங்க."

"இழுத்துக் கட்ட அது என்ன ஆட்டுக்குட்டியா?" என்றவர், என் முகத்துக்காகக் கண்ணை மூடினார்.

இரண்டே நிமிஷம். பச்சை. எனக்குக் கொஞ்சம் பொறாமை. தியானத்தில் வீண் யோசனைக்கான மூளைப் பகுதிகள் ஓய்கின்றன, பயத்தைக் கிளப்பும் பகுதி அடங்குகிறது என்று படித்ததையெல்லாம் அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கோடு குதித்தது. சிவப்பு.

"மனசு அலையுது மதினி..."

"அலையல. காத்து மாறிருச்சு."

"அதெல்லாம் இப்போ கவனிக்கக் கூடாது. மூச்சு—"

"தெக்க, சிக்கல் ஊருப் பக்கம் மழை ஊத்துது தம்பி. ஈரக்காத்து வருது. எந்திரிங்க."

என் தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். "நீங்க டென்ஷனா இருக்கீங்கன்னு மெஷின் சொல்லுது."

"இருக்கேன். இருக்கக் கூடாதா? என் தலைக்குள்ள என்ன ஓடணும்னு அந்தப் பட்டையா சொல்லும்? தார்ப்பாயைப் பிடிங்க."

நெற்றிப் பட்டையோடே ஓடினார். அவர் பலகையால் வற்றலைத் தள்ளிக் குவிக்க, நான் தார்ப்பாயோடு மல்லுக்கட்டினேன். கடைசி மூலைக்குக் கல் வைக்கும்போது முதல் துளி என் வழுக்கையில் விழுந்தது. வற்றல் ஒன்றுகூட நனையவில்லை.

தியானத்தை நான் குறை சொல்லவில்லை. என் பிபி இறங்கியிருக்கிறது. ஆனால், அமைதியாக இருக்கும் மூளைக்குத்தான் முதல் மார்க் என்று முடிவு செய்தது யார்? மூடிய கண்ணோடு, தோலில் பட்ட காற்றை வைத்தே மழையைப் பிடித்தவருக்குச் சிவப்பு. வாயைப் பிளந்து தூங்கியவனுக்குப் பச்சை. இந்த மார்க்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விளைந்ததைக் களத்தில் போட்டுவிட்டுப் பதறுகிற மூளைக்கு வைத்தியம் எதற்கு? தார்ப்பாய் பிடிக்க இன்னோர் ஆள் இருந்தால் போதாதா?

மழை விட்டதும் அசடு வழியக் கேட்டேன்: "இப்போ உக்காருவோமா மதினி?"

பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். "எனக்கும் சேத்து நீங்களே உக்காருங்க தம்பி."

உட்காரவில்லை. தெற்கே இன்னும் கறுத்துத்தான் கிடந்தது.